அட்டவணை போட்டால் போதாதா, கவுன்சலிங் எதற்கு?

ஒரு வாசகர் கேட்டது, 3 பிப்ரவரி

"வேலையைத் தள்ளிப்போடுவதற்கெல்லாம் கவுன்சலிங் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இது என்ன நோயா? நல்ல அட்டவணை, ஒரு அலாரம், கொஞ்சம் மன உறுதி, இவ்வளவு போதாதா? நானும் தள்ளிப்போடுகிறவன்தான். இரண்டு மாதமாக ஒரு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. அதற்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் என் சின்ன வயதுக் கதையை எல்லாம் சொல்ல வேண்டுமா?"

3 பிப்ரவரி, இரவு 9.50

போதாது. எனக்குப் போதவில்லை.

இரண்டு வருடத்தில் பதினோரு அட்டவணை போட்டேன். எல்லாம் ஒரே நோட்டில் இருப்பதால் எண்ணிக்கை சரியாகத் தெரியும். ஒன்றுகூட இரண்டாவது வாரத்தைப் பார்க்கவில்லை. அட்டவணை போடுகிற அன்று மனது லேசாகிவிடும், பாதி வேலை முடிந்துவிட்டது மாதிரி. மறுநாள் காலை 6 மணிக்கு நேராக "ஆய்வேடு திருத்தம்" என்று எழுதியிருக்கும். 6 மணிக்கு எழுந்தும் விடுவேன். எழுந்து துணி மடிப்பேன். மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவேன். புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்துவேன். எல்லாமே செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆய்வேட்டை மட்டும் தொடமாட்டேன்.

நேரம் இருந்தது. எழுந்திருக்கும் உறுதியும் இருந்தது. ஒரே ஒரு கோப்பின் பக்கம் மட்டும் போக முடியவில்லை. "எப்போது செய்வது" என்ற கேள்விக்கு அட்டவணை பதில் சொல்லும். நான் மாட்டிக்கொண்டிருந்த கேள்வி அதுவாக இல்லை.

3 பிப்ரவரி, இரவு 10.35

"இது நோயா" என்று கேட்டதற்குத் தனியாக எழுதுகிறேன்.

நோய் என்று யாரும் சொல்லவில்லை. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்த வைத்திருக்கும் கையேடுகளில் தள்ளிப்போடுதல் தனி நோயாக இல்லை. ஆனால் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ADHD) போன்றவற்றின் கூடவே இது வரும். கவுன்சலிங் போனால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்: வேலை மட்டும்தான் தள்ளிப்போகிறதா, இல்லை தூக்கம், பசி, ஆட்களிடம் பேசுவது எல்லாமே சேர்ந்து சரிகிறதா என்று. இரண்டாவதாக இருந்தால் அட்டவணை பற்றிப் பேசுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எப்போதும் அசதி என்றால் தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். எனக்கு இரண்டும் இல்லை. ஆனால் பார்த்தது நல்லது, ஒரு சந்தேகம் தீர்ந்தது.

சின்ன வயதுக் கதையை என்னிடம் அதிகம் கேட்கவில்லை. கேட்டது வேறு. நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

4 பிப்ரவரி, இரவு 8.15

சொன்னபடி.

என் நெறியாளர் ஆய்வேட்டைப் படித்து ஓரத்தில் 140 குறிப்புகள் போட்டு அனுப்பியிருந்தார். அந்த மின்னஞ்சல் வந்த அன்று ஒருமுறை திறந்தேன், இரண்டு பக்கம் உருட்டினேன், மூடினேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் திறக்கவில்லை.

ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது திறந்தீர்கள்?" இரண்டாவது, "திறக்கப் போகும்போது உடம்பில் எங்கே தெரிகிறது?" அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வயிற்றில். தொப்புளுக்கு மேலே ஒரு கல் மாதிரி.

"சரி, திறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்?"

"140 குறிப்பு இருக்கும்."

"இருக்கட்டும். அதனால்?"

"எல்லாம் நியாயமாக இருக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிடும்."

"தெரிந்தால்?"

"நாலு வருடம் வீண். என்னை எடுத்ததே தப்பு என்று அவர் நினைப்பார்."

"அப்படி நினைத்தால்?"

இதற்கு மட்டும் பதில் சொல்ல நேரமாயிற்று. "நான் இதற்குத் தகுதியானவள் இல்லை என்று ஆகிவிடும்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

ஒரு கோப்பைத் திறப்பதில் ஆரம்பித்தோம். நாலே கேள்வியில் இங்கே வந்து நின்றோம். தினமும் காலை 6 மணிக்கு நான் தள்ளிப்போட்டது திருத்த வேலையை என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதால் கேட்பதைத்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன். அதற்கு எவ்வளவு துணி வேண்டுமானாலும் மடிக்கலாம்.

ஃபூஷியா சிரோயிஸ், டிமத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-இல் இதையே எழுதியிருக்கிறார்கள். தள்ளிப்போடுகிறவர் அந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்துகொள்கிறார், விலையை நாளைக்கு இருக்கப்போகும் தன் தலையில் கட்டுகிறார் என்பது அவர்கள் வாதம். துணி மடிக்கும்போது எனக்குக் கிடைத்த நிம்மதி பொய்யில்லை. அது நிஜமான நிம்மதி. அதனால்தான் மறுநாளும் மடித்தேன்.

முதல் வாரத்துக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்: தினமும் ஐந்து நிமிடம் கோப்பைத் திறந்து வைக்க வேண்டும். படிக்கலாம், ஆனால் திருத்தக் கூடாது. திறக்கும் முன் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று 100-க்கு ஒரு எண் எழுத வேண்டும். மூடியபின் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இன்னொரு எண். முதல் நாள் 85 எழுதினேன், மூடியபின் 40. இரண்டாம் நாள் 70, 30. மூன்றாம் நாள் திறக்கவில்லை. அதையும் அப்படியே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த நேரத்தில் அதற்குப் பதிலாக என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த 140-இல் கிட்டத்தட்ட ஐம்பது, கமா போடுவதும் அடிக்குறிப்பு வடிவமும்தான். ஐந்து மாதமாக அவற்றையும் சேர்த்துச் சுமந்திருக்கிறேன்.

5 பிப்ரவரி, காலை 7.20

"சோம்பேறித்தனத்துக்கு அழகான பெயர் வைக்கிறீர்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

குறள் 605: "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." நெடுநீர் என்றால் செய்ய வேண்டியதைக் காலம் நீட்டிச் செய்யும் இயல்பு. மறவி மறதி. மடி சோம்பல். துயில் தூக்கம். நான்கையும் எண்ணிச் சொல்கிறார், "நான்கும்" என்ற சொல்லையும் போடுகிறார். தள்ளிப்போடுவதும் சோம்பலும் ஒன்றென்றால் மூன்று என்றுதானே எண்ணியிருப்பார்?

சோம்பலாக இருப்பவர் உட்கார்ந்திருப்பார், அது அவருக்கு உறுத்தாது. தள்ளிப்போடுகிறவர் நாள் முழுக்க ஓடுவார். ராத்திரி படுத்தால் அந்த ஒரு வேலை நெஞ்சில் ஏறி உட்காரும். எனக்கு ஐந்து மாதமும் ஓய்வு என்பதே கிடையாது. வேலை செய்யவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை.

5 பிப்ரவரி, இரவு 9.05

காலையில் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும். அந்தக் குறள் இருக்கும் அதிகாரமே "மடியின்மை"தான். அதாவது வள்ளுவர் நெடுநீரையும் மடியையும் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே வீட்டில்தான் குடிவைத்திருக்கிறார். கெடுகிறவர் விரும்பி ஏறும் படகு என்று நான்குக்கும் சேர்த்தே சொல்கிறார். நான் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். காலையில் சோம்பேறித்தனம் என்று சொன்னவர் முழுக்கத் தவறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், விளைவும் ஒன்றுதான். மருந்து வேறு என்பது மட்டும் என் கட்சி.

7 பிப்ரவரி, மாலை 6.40

"கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக வேலை ஓடும்." மூன்று பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் பத்து வருடம் சொன்னேன்.

டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைப் பருவம் முழுக்கத் தொடர்ந்து கவனித்தார்கள். பருவத் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்களுக்கு மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் மற்றவர்களைவிடக் குறைவு. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அந்தச் சுகம் எனக்குத் தெரியும். கெடு நெருங்கியபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. மொத்தமாகக் கூட்டினால் அழுத்தம், உடம்பு முடியாமல் போவது இரண்டும் இவர்களுக்கே அதிகம். மதிப்பெண்ணும் குறைவு.

நெருக்கடியில் வேலை ஓடுவது உண்மைதான். ஏன் ஓடுகிறது? "இனி நேரம் இல்லை, எப்படி வந்தாலும் சரி" என்று ஒரு கட்டத்தில் நமக்கே அனுமதி கொடுத்துவிடுகிறோம். அதுவரை மறித்து நின்ற பயம் விலகிவிடுகிறது. என் ஆலோசகர் இதைச் சொன்ன அன்று பேருந்தில் வீடு வரும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த அனுமதியை முதல் நாளே கொடுக்கலாம் அல்லவா? இப்போது எந்த முதல் வரைவின் தலைப்பிலும் "மோசமாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

8 பிப்ரவரி, இரவு 10.10

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கவுன்சலிங் போனாலே சரியாகிவிடும் போல."

இல்லை. நான் பார்த்த முதல் ஆலோசகரிடம் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை நிலைமை முன்பைவிட மோசமாகியிருக்கலாம். இருபது நிமிடம் கேட்டார். "மனசு வைத்தால் முடியாதது இல்லை" என்றார். அச்சடித்த அட்டவணைத் தாள் ஒன்றைக் கொடுத்தார், அது என் பன்னிரண்டாவது. அதையும் நாலு நாளில் விட்டேன். கவுன்சலிங்கிலேயே தோற்றுவிட்டேன் என்ற புது வெட்கமும் சேர்ந்துகொண்டது. அடுத்தவரைத் தேடிப் போக ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது என்றால், என் அனுபவத்தில் ஒரே அடையாளம்தான். நல்லவர், செய்யாமல் போன நாளைப் பற்றி உங்களைவிட அதிக ஆர்வத்தோடு கேட்பார். என்ன நடந்தது, அந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று. செய்த நாளைப் பாராட்டி, செய்யாத நாளுக்கு அறிவுரை சொல்கிறவரிடம் மூன்றாவது தடவை போகத் தேவையில்லை.

மொத்தம் ஒன்பது சந்திப்பு. முதலில் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

நேரில் பார்க்க ஆள் கிடைக்காதவர்களுக்கு ஒரு செய்தி. சுவீடனில் அலெக்சாண்டர் ரோசென்டாலும் அவர் குழுவும் 150 பேரை வைத்து இணையம் வழியாகவே 10 வாரத்துக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் எடுத்தவர்களிடம் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. ஆனால் பங்கேற்ற எல்லாருக்கும் அல்ல.

9 பிப்ரவரி, மதியம் 3.30

நேர நிர்வாகம் பற்றிக் கேட்டவர்களுக்கு. விடுமுறை நாள், நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

ஆலோசகர் எனக்குச் சொன்ன முதல் விஷயம், திட்டமே போடாதே என்பது. ஒரு வாரத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று மட்டும் எழுதச் சொன்னார். நேர்மையாக எழுதினால் யாருக்கும் அது கசக்கும். வேலை முடிந்து எனக்கு தினமும் நாலு மணி நேரம் மிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான். மீதியெல்லாம் போக்குவரத்து, வீட்டு வேலை, அம்மாவுக்குத் துணையாக இருப்பது, களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது. நான் போட்ட பதினோரு அட்டவணையும் இல்லாத நாலு மணி நேரத்துக்குப் போட்டது! முதல் நாளே உடையாமல் என்ன செய்யும்?

அடுத்தது மதிப்பீடு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு பத்தி, எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் ஒரு பத்தி. அரை மணி என்று எழுதியதெல்லாம் ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்தது. இது எனக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ரோஜர் பியூலரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1994-இல், பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 48.6 என்றிருந்தார்கள். அந்தக் கெட்ட கணக்கும் போதவில்லை! இதற்கு "திட்டமிடல் பிழை" என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இலேயே பெயர் வைத்திருந்தார்கள். அதனால் இப்போது மனதில் தோன்றுவதை அப்படியே இரண்டு மடங்காக்கி எழுதுகிறேன். நாளுக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதுவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உதவியது. "காலையில் ஆய்வேடு பார்க்க வேண்டும்" என்று எழுதாமல், "குளித்து முடித்ததும், ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, 17-ஆம் குறிப்பைப் படிப்பேன்" என்று எழுதுவது. எது நடந்தால், எங்கே, எந்த முதல் அசைவு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த "இது நடந்தால் அதைச் செய்வேன்" வகைத் திட்டங்களைப் பல வருடமாக ஆராய்ந்தவர். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் எண்ணத்தைவிட இப்படி எழுதியது நன்றாகவே பலித்திருந்தது. குளித்துவிட்டு வந்தால் என் கால் தானாக ஜன்னல் பக்கம் போகிறது இப்போது. யோசிக்கும் இடைவெளி இல்லை. அந்த இடைவெளியில்தான் துணி மடிக்கும் எண்ணம் வரும்.

25 நிமிட வேலை, 5 நிமிட இடைவெளி முறை தெரிந்திருக்கும். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உண்டாக்கியது. கணக்கு, அடிக்குறிப்பு, மின்னஞ்சல் போன்றவற்றுக்கு நன்றாக இருக்கிறது. எழுதுவதற்கு எனக்கு ஒத்துவரவில்லை. 25-ஆவது நிமிடத்தில்தான் வாக்கியம் வர ஆரம்பிக்கும், மணி அடித்துவிடும். ஆரம்பிக்கப் பத்து நிமிடம் வைக்கிறேன், ஓட ஆரம்பித்தால் கடிகாரத்தைக் கவிழ்த்துவிடுகிறேன்.

நிறுத்தும்போது வாக்கியத்தின் பாதியில் நிறுத்துகிறேன். மறுநாள் அந்தப் பாதியை முடிக்கத்தான் உட்காருகிறேன், "ஆய்வேடு எழுத" உட்காருவதில்லை. வித்தியாசம் பெரிது.

கைபேசி வேறு அறையில். இதற்கு விளக்கம் தேவையில்லை.

11 பிப்ரவரி, இரவு 9.30

ஒரு தவறு. இதுவரை எழுதியதைப் படித்தால் முதலில் கவுன்சலிங் மனதைச் சரிசெய்தது, அதன்பின் நேர நிர்வாகம் கைகூடியது என்ற மாதிரி இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன். இன்று நோட்டைப் புரட்டினேன். அரை மணிக் குறிப்பு இரண்டாவது சந்திப்பிலேயே ஆரம்பித்திருக்கிறது. வயிற்றில் கல் கரைந்தபின் அட்டவணை போட்டேன் என்பது சரியில்லை. தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்ததால்தான் கல் கரைந்தது, உட்கார முடிந்ததற்குக் காரணம் அந்தப் பேச்சு. எது முந்தியது என்று பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் கேட்டவரின் முதல் கேள்விக்கு நான் சொன்ன "போதாது" கொஞ்சம் கடுமையானது. சிலருக்கு அட்டவணையே போதும். நேரம் எங்கே போகிறது என்று தெரியாததுதான் பிரச்சினை என்றால் அரை மணிக் குறிப்பு ஒரு வாரத்தில் காட்டிவிடும். நேரம் இருந்தும் ஒரே வேலை மட்டும் திரும்பத் திரும்ப நழுவுகிறது என்றால், அப்போது பேச ஆள் வேண்டும்.

12 பிப்ரவரி, காலை 6.55

"நானும் உங்களைப் போலத்தான், எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதால் தள்ளிப்போடுகிறேன்" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார்.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவள், அதனால் கவனமாகச் சொல்கிறேன். பியர்ஸ் ஸ்டீல் 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார். வேலையின் மீதுள்ள வெறுப்பு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லாமை, உந்துதலுக்கு உடனே இணங்குவது, பலன் தூரத்தில் இருப்பது, இவை தள்ளிப்போடுதலோடு வலுவாகச் சேர்ந்து வந்தன. குறையில்லாமை நாட்டம் அவ்வளவாக வரவில்லை. இதைப் படித்து எனக்கு ஏமாற்றமே வந்தது. கௌரவமான காரணம் ஒன்று கையை விட்டுப் போனது.

ஆனால் 2017-இல் சிரோயிஸும் மற்றவர்களும் அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். உயர்ந்த அளவுகோல் வைத்து உழைப்பவர்கள் தள்ளிப்போடுவது குறைவு. தவறு நேர்ந்துவிடுமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுபவர்கள்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும் போல. நான் இரண்டாவது வகை. நெறியாளர் என்ன நினைப்பார் என்ற ஒன்றைத் தவிர, மூன்றாவது அத்தியாயம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கென்று ஒரு அளவுகோலே அப்போது இருக்கவில்லை. உங்களுக்கு எது என்று நீங்களே பாருங்கள்.

12 பிப்ரவரி, இரவு 10.20

தலைப்பிலிருந்து விலகுகிறேன். குறளைப் பற்றிப் பேசியதால் ஒரு நண்பர் 672-ஐ நினைவுபடுத்தினார். "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை." இங்கே தூங்குவது உறங்குவது இல்லை, காலம் தாழ்த்துவது. தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்து, தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தாதே.

நான் மறந்த பக்கம் இது. எல்லாத் தாமதமும் குற்றமில்லை. கோபத்தில் எழுதிய பதிலை ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவது தள்ளிப்போடுவது ஆகாது. கவுன்சலிங் தொடங்கிய மூன்றாம் மாதம், எதையும் உடனே செய்தாக வேண்டும் என்ற வேகம் வந்து இரண்டு மின்னஞ்சல்களை அவசரமாக அனுப்பி வருந்தினேன். ஆலோசகர் கேட்டார்: "தாமதித்தால் வேலை மேம்படுமா, இல்லை பயம் மட்டும் தள்ளிப்போகுமா?" அந்தக் கேள்வியை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

14 பிப்ரவரி, மாலை 5.15

ஒரு தாய் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் எல்லாவற்றையும் கடைசி ராத்திரிக்கு வைக்கிறான், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, எப்படிக் கண்டிப்பது என்று.

அம்மா, நீங்கள் கண்டிப்பதைவிட அதிகமாக அவன் தன்னையே கண்டித்துக்கொண்டிருப்பான். வெளியே தெரியாது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் உள்ளே ஒரு குரல் திட்டிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் கைபேசியே. வீட்டிலிருந்தும் அதே குரல் கேட்டால் தப்பிக்க வேண்டிய இடம் இன்னும் பெரிதாகும். "படித்தாயா" என்று கேட்காமல் "எதில் ஆரம்பிக்கக் கஷ்டமாக இருக்கிறது" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் போகலாம். மறுபடி ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பக்கத்தில் உங்கள் வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே சிலருக்கு உதவும், எனக்கு என் அக்கா அப்படி உட்கார்ந்தாள்.

சின்ன வயதிலிருந்தே பொருட்களைத் தொலைப்பது, பாதியில் எழுந்துபோவது, பிடித்த விஷயத்தில்கூடக் கவனம் நிற்காதது என்று இருந்தால் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கவனக்குறைவு மிகைச்செயல்பாடு பெரியவர்களுக்கும் இருக்கும், அதற்கு சிகிச்சையும் உண்டு. அதை ஒழுக்கப் பிரச்சினை என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்பது பெரிய அநியாயம்.

17 பிப்ரவரி, இரவு 11.00

நான்கு நாளாக ஆய்வேட்டைத் தொடவில்லை. இங்கே இவ்வளவு எழுதிவிட்டு அதை மறைப்பது சரியில்லை என்பதால் சொல்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல், முதல் இரண்டு நாள் நியாயமான காரணம். மூன்றாவது நாள் அம்மா சரியாகிவிட்டார். நான் உட்காரவில்லை. நான்காவது நாள், மூன்று நாள் போனதே என்ற வெட்கத்தில் உட்காரவில்லை.

முன்பு இந்த வெட்கம் மாதக்கணக்கில் இழுக்கும். மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010-இல் 119 மாணவர்களைப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். ஆலோசகர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. மன்னித்தால் இன்னும் கெட்டுப்போவோம் என்றுதானே வளர்ந்திருக்கிறோம். ஆனால் திட்டு வாங்கிய வேலையின் பக்கம் போக யாருக்குத்தான் மனம் வரும்? திட்டுவது நாமே என்றாலும் அப்படித்தான்.

இன்று மாலை நோட்டில் எழுதினேன்: "நான்கு நாள் போனது. இரண்டு அம்மாவுக்கு, இரண்டு பயத்துக்கு. சரி." அதன் கீழே 96-ஆம் குறிப்பு. பத்து நிமிடம் வைத்தேன், இருபத்தைந்து நிமிடம் போயிற்று. 96, 97 முடிந்தன.

20 பிப்ரவரி, காலை 7.40

முதலில் கேட்டவர் ஒரு ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். நாளை காலை 11 மணிக்கு. இதைப் படித்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என்ன கொண்டுபோக வேண்டும், எதில் தொடங்கிப் பேச வேண்டும் என்று கேட்கிறார்.

எதையும் ஒத்திகை பார்க்க வேண்டாம். பாதியில் நிற்கும் அந்த விண்ணப்பத்தை எடுத்துப்போங்கள், தாளாக இருந்தால் தாள், கைபேசியில் இருந்தால் கைபேசி. நிரப்பாமல் விட்ட முதல் கட்டம் எது என்று காட்டுங்கள். என் ஊகம், மொத்த விண்ணப்பமும் உங்களை நிறுத்தவில்லை, அந்த ஒரு கட்டம்தான் நிறுத்தியிருக்கிறது. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

இந்த முறை ஒத்துவராவிட்டால் என்னைப் போல ஏழு மாதம் காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே வேறு ஒருவரைப் பாருங்கள்.

20 பிப்ரவரி, இரவு 9.15

பதில் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டம், "முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்."

அதை நாளை 11 மணிக்கு முன்னால் நிரப்ப வேண்டாம். காலியாகவே கொண்டுபோங்கள்.